இரும்புக் குழாய் எரியாது, சூடு கடக்கும்: வாசகர் கேள்வி பதில்

கட்டடத்தில் தீ ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு எப்படிப் போகிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். சுவரையும் தளத்தையும் துளைத்துப் போகும் உலோகக் குழாய்களைப் பற்றி அதில் ஒரு பந்திதான் இருந்தது. மலையகத்திலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் அந்த ஒரு பந்தியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: மூன்று மாடி ஹோட்டல் ஒன்றின் கட்டட வேலையை மேற்பார்வை செய்கிறேன். சுடுநீருக்கான செப்புக் குழாயும் தீயணைப்புத் தண்ணீருக்கான ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாயும் ஸ்லாபையும் படிக்கட்டுச் சுவரையும் துளைத்துப் போகின்றன. "இரும்பும் செம்பும் எரியாது, சுற்றிச் சிமெந்து பூசினால் போதும்" என்கிறார் பிளம்பர் பாஸ். பார்க்க வந்த தீயணைப்பு அதிகாரி அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி?
(வாசகர், நுவரெலியா)

பதில்: குழாய் எரியாது என்பது வரை பாஸ் சொல்வது சரி. செம்பு உருகுவது 1085 பாகை செல்சியசில். இரும்பு அதற்கும் மேலே. ஆனால் சுவர் தீ தாங்கும் நேரம் "ஒரு மணி" என்று வரைபடத்தில் எழுதுகிறார்களே, அது குழாய் உருகுமா என்று பார்த்து எழுதியது அல்ல. அந்தச் சோதனையில் உலையின் வெப்பம் ஐ.எஸ்.ஓ. 834 என்ற சர்வதேசத் தர வளைகோட்டின்படி ஏறும்: 30 நிமிடத்தில் 842 பாகை, 60 நிமிடத்தில் 945, 120 நிமிடத்தில் 1049. அவ்வளவு நேரமும் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள். முதலாவது, மறுபக்கத்துக்குச் சுவாலையோ, பஞ்சைப் பற்றவைக்கும் சூடான வாயுவோ வரக்கூடாது. இரண்டாவது, மறுபக்கத்தில் அடைப்பின் மேலும் குழாயின் மேலும் வெப்பம், தொடக்கத்தில் இருந்ததைவிட 180 பாகைக்கு மேல் ஏறக்கூடாது. நுவரெலியாவின் 16 பாகைக் குளிரில் தொடங்கினாலும் 196 பாகையோடு கணக்கு முடிந்துவிடும்.

சிமெந்து முதலாவதைச் சமாளிக்கலாம். இரண்டாவதை அது தொடுவதே இல்லை. கொதிக்கும் சட்டியில் போட்ட கரண்டியின் காம்பு சுடுவது போல, வெப்பம் குழாய் வழியாகவே அடுத்த அறைக்கு வந்துவிடும். அங்கே குழாயை ஒட்டி மர அலமாரியோ, படுக்கை விரிப்புகள் அடுக்கிய லினன் அறையோ இருந்தால், சுவரில் ஒரு வெடிப்பும் இல்லாமலே தீ மறுபக்கத்தில் பிறக்கும்.

அதற்காகச் சிமெந்தே ஆகாது என்றும் இல்லை. அமெரிக்கக் கட்டட விதிக்கோவை, கொங்கிறீட் அல்லது கல் கட்டுச் சுவரில் 6 அங்குலம் வரையான உருக்கு, வார்ப்பிரும்பு, செப்புக் குழாயைச் சுற்றிச் சாந்து நிரப்புவதை ஏற்கிறது. துளையின் பரப்பு 144 சதுர அங்குலத்தைத் தாண்டக்கூடாது. சுவரின் முழுத் தடிப்புக்கும், அல்லது சுவருக்குரிய நேரத்தைக் காக்கத் தேவையான தடிப்புக்கு, சாந்து நிரம்பியிருக்க வேண்டும். நம் வேலைத்தளங்களில் நடப்பது அதுவல்ல. இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூசி, நடுவே சிமெந்துக் கடதாசியும் செங்கல் துண்டும் திணித்து வைப்பார்கள். பூசுவதற்கும் நிரப்புவதற்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டில்தான் அதிகாரி நின்றிருப்பார்.

சுடுநீர்க் குழாய்க்கு நன்றாக நிரப்பிய சாந்தும் பொருந்தாது. 4 மீற்றர் செப்புக் குழாய் 15 பாகையிலிருந்து 65 பாகைக்குச் சூடானால் ஏறத்தாழ 3.4 மி.மீ. நீளும். ஒவ்வொரு நாளும் கொதிகலன் போட்டு நிறுத்தும்போது குழாய் சாந்துக்குள் இழுபடும். சில மாதத்தில் குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய வளைய வெடிப்பு விழும். புகை போவதற்கு அந்த வெடிப்பே தாராளம். அங்கே அசைவு தாங்கும் பயர் சீலண்ட், அதாவது தீயைத் தடுக்கும் அடைப்புப் பசைதான் வேண்டும். ஜி.ஐ. தண்ணீர்க் குழாய் குளிர்ந்தே கிடக்கும். அதற்கு முழுத் தடிப்புச் சாந்தை அதிகாரி ஏற்கக்கூடும். வேலையைத் தொடங்குமுன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளம்பிங் ஒப்பந்த வேலை செய்கிறேன். 22 மி.மீ. செப்புக் குழாய்க்கும் 2 அங்குல ஜி.ஐ. குழாய்க்கும் துளை எவ்வளவு எடுப்பது, சீலண்ட் எத்தனை டியூப் வாங்குவது, எந்த ஒழுங்கில் செய்வது என்று விபரமாகச் சொல்வீர்களா ஐயா?
(வாசகர், ஹட்டன்)

பதில்: முதலில், வாங்கப்போகும் சீலண்டின் சோதனை விபரத் தாளைக் கையில் எடுங்கள். குழாயின் உலோகம், அளவு, சுவரின் வகையும் தடிப்பும், குழாயைச் சுற்றிய இடைவெளி, சீலண்டின் ஆழம், பின்னால் வைக்கும் பொருள், குழாய்க்கு மேல் சுற்றும் வெப்பக் காப்பு ஆகிய எல்லாம் அதில் இருக்கும். கீழே சொல்பவை பரவலான ஒரு அமைப்புக்கு. உங்கள் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம்.

துளையை உளியால் உடைக்காமல், வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் மெஷினால் எடுங்கள். 22 மி.மீ. குழாய்க்கு 50 மி.மீ. கோர் எடுத்தால் சுற்றிலும் 14 மி.மீ. இடைவெளி கிடைக்கும். 2 அங்குல ஜி.ஐ. குழாயின் வெளிவிட்டம் 60.3 மி.மீ.; அதற்கு 100 மி.மீ. கோர் எடுத்தால் சுற்றிலும் ஏறக்குறைய 20 மி.மீ. குழாய் துளையின் நடுவில் நிற்கட்டும். ஒரு பக்கம் கல்லோடு ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் சீலண்ட் நுழையாது. வெளிப்பார்வைக்கு வட்டமாகப் பூசியிருக்கும், உள்ளே ஒரு பிறைவடிவப் பொந்து இருக்கும். நாங்கள் அறுத்துப் பார்க்கச் சொல்லும் அடைப்புகளில் அதிகம் கிடைக்கும் குறை இதுதான்.

குழாயை அடைப்பு தாங்கக்கூடாது. சுவரின் இரு பக்கமும் இரும்புக் கிளாம்ப் வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் என்பது சோதனைத் தாளில் இருக்கும். பெரும்பாலும் அரை மீற்றருக்குள். பிளாஸ்டிக் கிளிப் தீயில் முதல் நிமிடங்களிலேயே போய்விடும். பிறகு குழாய் தொங்கி, அடைப்பைத் தன் எடையால் பிய்க்கும்.

பிறகு துப்புரவு. துளையின் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, குழாயில் உள்ள துரு, எண்ணெய், சாந்துத் துளி எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். செங்கல் மிகவும் காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்து ஈரமாக்கலாம், தண்ணீர் நிற்கக்கூடாது. அடுத்து ஸ்டோன் வூல், அதாவது கல்லை உருக்கி இழையாக்கிய கம்பளி. அது 1000 பாகைக்கு மேலும் உருகாது. கண்ணாடிக் கம்பளி 600, 700 பாகை அளவிலேயே இளகிச் சுருங்கிவிடும், அதை வைக்காதீர்கள். ஸ்டோன் வூலைத் தளர்வாகச் செருகாமல் நெருக்கித் திணியுங்கள். விரலால் அழுத்தினால் எதிர்க்க வேண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவர், பூச்சோடு சேர்த்து 140 மி.மீ. அளவில் வரும். இரு பக்கமும் 25 மி.மீ. சீலண்டுக்கு விட்டால் நடுவே 90 மி.மீ. வூல். சுவர் விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே வூல் நிற்கிறதா என்று ஒரு குச்சியில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். கண் மதிப்பில் செய்தால் 10 மி.மீ. தான் மிஞ்சும்.

சீலண்டை உள்ளிருந்து வெளியே நிரப்பி, ஈரமான கத்தியால் அழுத்தி மட்டப்படுத்துங்கள். அழுத்தாவிட்டால் உள்ளே காற்றுக் குமிழ் நிற்கும். அளவுக் கணக்கு இதோ: 22 மி.மீ. குழாய், 50 மி.மீ. துளை என்றால் ஒரு பக்கத்துக்கு 40 மி.லீ., இரு பக்கமும் 80 மி.லீ. 310 மி.லீ. டியூப் ஒன்றில், வீணாவதைக் கழித்து, மூன்று துளைகள் முடியும். 2 அங்குலக் குழாய், 100 மி.மீ. துளை என்றால் இரு பக்கமும் 250 மி.லீ., அதாவது துளைக்கு ஒரு டியூப். 4 அங்குலக் குழாயை 150 மி.மீ. துளையில் விட்டால் 370 மி.லீ. போகும். மொத்தத் துளைகளை எண்ணிப் பெருக்கி, வாங்கிய டியூப் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாற்பது பெரிய துளைகளுக்குப் பத்து டியூப் முடிந்திருந்தால் ஆழம் எங்கே போனது என்று கேட்கத்தான் வேண்டும்.

கடைசியாகக் குழாய்க்கு மேல் காப்பு. வெப்பம் கடப்பதைத் தடுப்பது இதுதான். சுவரின் இரு பக்கமும் ஸ்டோன் வூல் குழாய்க் காப்பைச் சோதனைத் தாளில் உள்ள நீளத்துக்கு, அரை மீற்றரோ ஒரு மீற்றரோ, கம்பியால் கட்டுங்கள். காப்பு சுவரை முட்டி நிற்க வேண்டும். ஓர் அங்குலம் விட்டு நிறுத்தினால் அந்த ஓர் அங்குலத்தில்தான் குழாய் சிவக்கும்.

கேள்வி: எங்கள் விடுதியில் சுடுநீர்க் குழாய்களுக்கு மேல் கறுப்பு ரப்பர் ஃபோம் காப்பு போட்டு, அப்படியே சுவருக்குள்ளாலும் விட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றி பயர் சீலண்டும் பூசியிருக்கிறது. சில இடங்களில் பிளாஸ்டிக் குழாய்க்குப் போடும் கொலரும் உண்டு. இது சரியா?
(வாசகி, பண்டாரவளை)

பதில்: இப்படியே விட்டால் சரியில்லை. குளிர் ஊர்களில் சுடுநீர்க் குழாய்க்கு இந்தக் கறுப்புக் காப்பு இல்லாமல் முடியாது. ஆனால் அது எரியக்கூடியது. 19 மி.மீ. தடிப்புக் காப்பு கருகிப்போனால் குழாயைச் சுற்றி 19 மி.மீ. வளையப் பொந்து உண்டாகும். சீலண்ட் காப்பின் வெளிப்புறத்தைத்தான் பிடித்திருக்கிறது. காப்பு போனபின் அது வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, சுவருக்கு உள்ளேயும் இரு பக்கமும் சோதனைத் தாள் சொல்லும் நீளத்துக்கு ரப்பர் காப்பை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் ஸ்டோன் வூல் காப்பைப் போட்டு, அதைச் சுற்றி அடைப்பது. எங்கள் தெரிவு இதுதான். தீயில் சுருங்க எதுவும் மிஞ்சாது. மற்றது, ரப்பர் காப்பை வைத்துக்கொண்டே, சூட்டில் ஊதிப் பெருக்கும் நாடாவைச் சுவர் மட்டத்தில் சுற்றுவது. காப்பு கருகும்போது நாடா உள்நோக்கிப் பெருத்து இடத்தை நிரப்பும். எத்தனை சுற்று என்பது காப்பின் தடிப்பைப் பொறுத்தது, தாளில் இருக்கும்.

கொலரும் அதே வேலையைச் செய்யும், ஆனால் பிளாஸ்டிக் குழாய் மென்மையாகி நசுங்குவதை எதிர்பார்த்துச் செய்தது. எரியும் காப்புள்ள உலோகக் குழாய்க்கு அந்தக் கொலரைச் சோதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். சில வகைகள் சோதிக்கப்பட்டிருக்கின்றன. வெற்று இரும்புக் குழாயில் கொலர் போடுவது காசுக்கு நட்டம். குழாய் நசுங்கப்போவதில்லை, சூடு அப்படியே கடக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். சில விடுதிகளில் "அலுமினியக் குழாய்" என்று சொல்வது, நடுவில் மெல்லிய அலுமினியத் தகடும் உள்ளும் புறமும் பிளாஸ்டிக்குமாக இருக்கும் கூட்டுக் குழாய். அதை உலோகக் குழாய்க் கணக்கில் சேர்க்கவே கூடாது. தனி அலுமினியமும் 660 பாகையில் உருகிவிடும். சோதனை உலை அந்த வெப்பத்தைப் பத்து நிமிடத்தில் தாண்டும்.

கேள்வி: சோதனைத் தாளில் "ஈ.ஐ. 60 சி/யூ" என்று இருக்கிறது. என்ன பொருள்?
(தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், பதுளை)

பதில்: இது ஐரோப்பிய முறை. சோதனை ஈ.என். 1366-3, வகைப்படுத்தல் ஈ.என். 13501-2. ஈ என்பது சுவாலையும் வாயுவும் கடக்காமை, ஐ என்பது 180 பாகை வரம்பு, 60 என்பது நிமிடம். "ஈ 60" மட்டும் இருந்தால் வெப்ப வரம்புக்கு உறுதி இல்லை. அமெரிக்கத் தாள்களில் இதே இரண்டையும் எஃப் என்றும் டீ என்றும் தனித்தனியாகத் தருவார்கள். எஃப் 2 மணி, டீ 0 மணி என்று இருந்தால் குழாய் வழியாகச் சூடு வந்துவிடும் என்று படியுங்கள்.

கடைசி இரண்டு எழுத்தில் முதலாவது உலைக்குள் இருந்த குழாய் முனை, இரண்டாவது வெளியில் இருந்த முனை. சி என்றால் மூடியது, யூ என்றால் திறந்தது. தண்ணீர்க் குழாய்களுக்குப் பொதுவாக சி/யூ போதும். ஆனால் தீயுள்ள பக்கத்தில் குழாயைத் தாங்கும் கிளாம்ப் தீ தாங்காததாக இருந்தால், அல்லது சில அடி தூரத்தில் அதே குழாய் பி.வி.சி.யாக மாறினால், தீயில் அந்த முனை திறந்துவிடும். அப்போது யூ/சி தேவை. யூ/சியில் தேறியது சி/யூவுக்கும் செல்லும், மறுதலையாகச் செல்லாது.

உலோகம் மாறினாலும் அப்படித்தான். செம்பு உருக்கைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பம் கடத்தும். செப்புக் குழாயில் எடுத்த முடிவை உருக்குக் குழாய்க்குப் பாவிக்கலாம். உருக்கில் எடுத்ததைக் காட்டிச் செம்புக்கு அனுமதி கேட்கக்கூடாது.

கேள்வி: ஸ்லாப் போடும்போதே பி.வி.சி. குழாய்த் துண்டுகளை ஸ்லீவாக (துளைக்குள் உறையாக) வைத்துவிட்டோம். இப்போது அதற்குள்ளால் ஜி.ஐ. குழாய் போகிறது. ஹார்ட்வெயார் கடையில் இளஞ்சிவப்பு "பயர் ஃபோம்" டின் இருக்கிறது, அதை அடித்தால் சரியா?
(வாசகர், கண்டி)

பதில்: பி.வி.சி. ஸ்லீவை எடுத்துவிடுங்கள். எண்பது பாகையிலேயே அது மென்மையாகும். உருகிப்போனால் சீலண்டுக்கும் கொங்கிறீட்டுக்கும் இடையே முழு வளையமும் திறக்கும். வெட்டி இழுக்க வராவிட்டால் கோர் மெஷினால் ஒரு அளவு பெரிதாக எடுக்கலாம். எடுக்குமுன் ஸ்லாபின் கம்பி எங்கே போகிறது என்று பொறியியலாளரிடம் கேளுங்கள்.

இளஞ்சிவப்பு நிறம் எந்தச் சான்றும் இல்லை. அந்த ஃபோம்களில் பல, சுவர்களுக்கு இடையிலான ஒடுங்கிய நேர் இடைவெளிக்குத்தான் சோதிக்கப்பட்டவை. டின்னில் பெரிய எழுத்தில் இருக்கும் மணிக்கணக்கு அதற்கு உரியது. உலோகக் குழாயைச் சுற்றிச் சோதித்த தாள் தந்தால் பாவியுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

தளத்துளை என்றபடியால் ஒன்று கூடுதலாக: மேலே கழுவும் தண்ணீர் அடைப்புக்குள் இறங்கக்கூடாது. தளத்துக்கு மேல் 50 மி.மீ. உயர்ந்து நிற்கும் இரும்பு ஸ்லீவ் வைப்பது நல்லது.

கேள்வி: பெப்ரவரியில் பூசிய அக்ரிலிக் சீலண்ட் ஒரு வாரமாகியும் உள்ளே பச்சையாகவே இருந்தது. பிறகு சுருங்கிக் குழாயை விட்டுவிட்டது. பொருள் பழுதா?
(வாசகர், நானுஓயா)

பதில்: பெரும்பாலும் காலநிலை. அக்ரிலிக் நீரில் கரைத்த பொருள். நீர் ஆவியானால்தான் இறுகும். வழக்கமாக 5 பாகைக்குக் கீழே பூசக்கூடாது என்று டியூபிலேயே இருக்கும். உங்கள் பகுதியில் வருடத் தொடக்கத்தில் விடியற்காலையில் உறைபனி விழும். பகல் பத்து மணிக்குப் பின் பூசி, மாலை மூடுபனி வருமுன் முடியுங்கள். டியூப்களை வெளியே ஸ்டோர் கொட்டிலில் வைக்காதீர்கள், உறைந்த அக்ரிலிக் பிறகு சேராது. குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய் வியர்த்திருந்தால் சீலண்ட் பிடிக்கவே பிடிக்காது. தண்ணீரை நிறுத்தி, குழாய் அறை வெப்பத்துக்கு வந்தபின் துடைத்துப் பூசுங்கள். எப்போதும் ஈரம் நிற்கும் இடத்துக்குத் தீச்சோதனை பெற்ற சிலிக்கோன் வகையை எடுங்கள். விலை கூடத்தான், ஆனால் கழன்று வராது.

கேள்வி: பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைத் தங்குவிடுதியாக மாற்றுகிறோம். கொழுந்து வாட்டிய மாடிகள் எல்லாம் பலகைத் தளம். குழாய்த் துளைகளை எப்படி அடைப்பது?
(வாசகர், தலவாக்கலை)

பதில்: கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகத் திறந்தபின் இந்த எண்ணம் பலருக்கு வந்திருக்கிறது. அழகான கட்டடங்கள், காப்பாற்ற வேண்டியவை. ஆனால் அந்தப் பலகைத் தளத்துக்குத் தீ தாங்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. பலகைக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கும்போது குழாயைச் சுற்றி மட்டும் அடைப்பதில் பயன் இல்லை. முதலில் தளத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும்: கீழிருந்து தீ தாங்கும் போர்ட் சீலிங், சட்டங்களுக்கு இடையே ஸ்டோன் வூல். கொங்கிறீட் ஸ்லாபில் எடுத்த சோதனைத் தாள் இந்தச் சீலிங்குக்குச் செல்லாது. போர்ட் சீலிங்கில் எடுத்த தாளைக் கேளுங்கள்.

எங்கள் ஆலோசனை, குழாய்களைத் தளத்துக்குள்ளால் விடவே விடாதீர்கள். கட்டடத்தின் ஒரு மூலையில் அடி முதல் கூரை வரை செங்கல்லில் ஒரு குழாய்க் கூண்டு கட்டி, எல்லா நிலைக்குழாயையும் அதற்குள் ஏற்றுங்கள். கிளைக்குழாய் வெளியே வரும் துளைகளை மட்டும் அடைத்தால் போதும். கூண்டின் கதவும் சுவருக்கு உரிய நேரம் தாங்க வேண்டும், சாதாரணப் பலகைக் கதவு போட்டால் எல்லாம் வீண். பழைய கருங்கல் சுவரைத் துளைக்கும்போது கல் பெயர்ந்து துளை ஒழுங்கில்லாமல் வரும். அங்கே இரும்பு ஸ்லீவ் ஒன்றை வைத்துச் சுற்றி முழுத் தடிப்புக்கும் சாந்து நிரப்பிவிட்டு, ஸ்லீவுக்குள் அடைப்பைச் செய்யுங்கள். சுவரிலும் விட்டத்திலும் படிந்த தேயிலைத் தூசியை முதலில் கழுவுங்கள். அதன்மேல் எந்தச் சீலண்டும் ஒட்டாது.

சீலிங் மூடுமுன் ஒவ்வொரு அடைப்புக்கும் இலக்கமிட்டு, இரு பக்கமும் படம் எடுத்து, பொருளின் பெயர், திகதி, நேரம், செய்தவர் விபரத்தோடு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். தீயணைப்பு அதிகாரி கேட்பது அதைத்தான். பிறகு கேபிள் இழுக்க வருபவர் புதுத் துளை போட்டால் அதுவும் அந்தக் கொப்பியில் ஏற வேண்டும்.

கேள்வி: லயன் வீட்டில் இருக்கிறோம். அடுப்புப் புகைக்குத் தகரக் குழாய் ஒன்றைப் பலகைத் தடுப்புக்குள்ளால் வெளியே விட்டிருக்கிறோம். அதைச் சுற்றி பயர் சீலண்ட் பூசலாமா?
(வாசகி, பொகவந்தலாவை)

பதில்: பூச வேண்டாம் அம்மா. இந்தச் சீலண்ட் என்றாவது ஒருநாள் வரும் தீக்கானது, தினமும் சுடும் புகைக்குழாய்க்கானது அல்ல. வெடித்து உதிர்ந்துவிடும், பலகையும் நாளாக ஆகக் காய்ந்து கருகிப் பற்றும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 211 விதி, ஒற்றைத் தகட்டுப் புகைக்குழாய்க்கும் மரத்துக்கும் இடையே 18 அங்குலம் கேட்கிறது. குழாயைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் அவ்வளவு பலகையை வெட்டி எடுத்து, அந்த இடத்தைச் செங்கல்லால் கட்டி, நடுவே குழாயை விடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். பல லயன்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுச்சுவர் கூரைத் தகரம் வரை போவதில்லை. ஒரு வீட்டில் பிடித்த தீ அந்தத் திறப்பு வழியாக வரிசை முழுவதும் ஓடுவது அதனால்தான். தோட்ட நிர்வாகத்திடம் கேட்கும்போது, நடுச்சுவரைத் தகரத்தின் அடி வரை கல்லால் உயர்த்தி, தகரத்தின் நெளிவுகளுக்கும் சுவருக்கும் இடையே சாந்தால் அடைத்துத் தரும்படி கேளுங்கள். சுவரைத் தாண்டிப் போகும் மரச் சலாகைகளைச் சுற்றியும் அடைக்கச் சொல்லுங்கள்.